தரையில் என்ன பூசினாய்

செவ்வாயும் வெள்ளியும் எல்லை தாண்டி வருகிறேன்.
செஜானாவில் ஐந்தேமுக்கால் பேருந்து.
திரியெஸ்தேயில் இறங்கினால் காற்று
குடையைப் பிடுங்கிக்கொண்டுதான் வழிவிடும்.

நான்காம் மாடி. கடல் தெரியும் ஏழு ஜன்னல்.
சிஞ்ஞோரா ஃபுல்வியா காப்பி ருசி பார்ப்பவர்;
அப்பாவின் கம்பெனி, இப்போது அவருடையது.
நாளைக்கு இருநூறு கரண்டி உறிஞ்சி
இருநூறையும் துப்பிவிடுவார்.
"விழுங்கினால் வேலை கெட்டது" என்பார்.

அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் துடைப்பவள் நான்,
அதனால் சொல்கிறேன்:
ஷாம்பெயின் மூன்று புட்டி.
கண்ணுக்கடியில் தடவும் களிம்பு.
தோல் சுருங்கிய அரை எலுமிச்சை.
டார்ச் லைட்டுக்கான பேட்டரிகள், எதற்கோ.

பன்னிரண்டு பேர் அமரும் மேஜையில்
பதினோரு நாற்காலிக்கு வேலையே இல்லை.
கணவர் லுகானோ போனதிலிருந்து
பன்னிரண்டாவதும் கைப்பையைத்தான் சுமக்கிறது.

காலையில் ஒரு காப்பி. அதை மட்டும் விழுங்குவார்.
இரவில் இரண்டு ரஸ்க்.
நடுவில் நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை.
எழுதித் தந்த வைத்தியர் இறந்து ஒன்பது வருடம்,
நிறுத்தச் சொல்ல ஆளில்லை.
ஒரு தோழி சொன்னாள் என்று இறைச்சியை விட்டார்,
ஒரு புத்தகம் சொன்னதென்று பாலை.
முட்டையை யார் சொல்லி விட்டாரோ
அவருக்கே நினைவில்லை.

விருந்துகளில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துப்
பொருமுவார்களாம்:
"இந்த வயதில் எப்படி, ஃபுல்வியா?"
எப்படி என்று குப்பைக்கூடைக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும்.
கிறிஸ்துமஸ் கூடைகள் ரிப்பன் அவிழாமல் கிடக்கும்,
உப்பிட்ட பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, எண்ணெயில் ஊறிய மீன்.
"நாள் கடந்திருந்தால் எடுத்துப் போ."
கடக்காததையும் கடந்ததென்று எடுத்துப் போனேன்.
என் பையன்கள் இருவரும் தோள் அகன்று வளர்ந்தது
அவர் சாப்பிடாததைச் சாப்பிட்டுத்தான்.
நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன்?

பிப்ரவரியில் ஒரு காலை வெறுங்காலோடு வந்தார்.
"தரையில் என்ன பூசினாய், ஸ்தெங்கா?
பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது."
அதே மெழுகுதான் என்றேன். நம்பவில்லை.
மெழுகை மாற்றினேன்.
பிறகு மெழுகே இல்லாமல் விட்டேன்.
பஞ்சு போகவில்லை.

அந்த வாரமே எத்தியோப்பிய மூட்டை நாற்பதைத்
திருப்பி அனுப்பினார், அட்டையைக் கரைத்த மாதிரி இருக்கிறதென்று.
அடுத்த வாரம் குவாத்தமாலா.
கொட்டையில் குறையில்லை என்று
கிடங்குக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.
நாக்கு செத்துப்போச்சு என்று சும்மா சொல்வோமே,
நீட்டிக் காட்டினார்:
சிவந்து, வழவழவென்று,
நான் துடைத்த பளிங்கு போல.

படியில் விழுந்தது மார்ச்சில்.
இளம் வைத்தியர், தமாரோ என்று பெயர்,
தாளைப் பார்த்து "ஊட்டச்சத்துக் குறைபாடு" என்றார்.
சிஞ்ஞோரா சிரித்தார்.
"அந்தச் சொல்லுக்கு நான் வருடா வருடம்
காசோலை அனுப்புகிறேன், டாக்டர்."
சிரித்து முடியும்வரை காத்திருந்து
அவர் கேட்டார்:
"வீட்டில் உங்களோடு சாப்பிடுவது யார்?"

படிவத்தில் உறவினர் என்ற கட்டத்தில்
என் கைபேசி எண் இருந்தது.

இப்போது வாரம் ஒரு ஊசி.
கால்விரல் இரண்டு இன்னும் பஞ்சில்தான்.

நேற்று சமையலறையில் நின்றபடி
ரொட்டியில் மத்தி மீனை நசுக்கிக்கொண்டிருந்தேன்.
டப்பா அவருடையது. மறைக்கவில்லை.
வந்து நின்றார். கேட்கவில்லை.
கையை நீட்டினார்.
பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்.

மென்றார்.
வெகுநேரம் மென்றார்.
பிறகு, பழக்கத்தில்,
பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

நான் குழாயை மறைத்துக்கொண்டு நின்றேன்.